மூடியில் எழுதிய பெயர்கள்

மழைக்கு என்னதான் அவசரமோ... அவள் விதை வளர்ப்பறையை விட்டு வெளியே கால் வைத்ததுதான் தாமதம், பிடித்துக்கொண்டு கொட்ட ஆரம்பித்துவிட்டது.

கையில் பெரிய டிரே. அதில் வரிசை வரிசையாக வட்டத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் ஈரத்தாள், அதன்மேல் விதைகள், எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் மூடி. குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி டிரேயை அணைத்துக்கொண்டு, நடைபாதைக் கூரையின் கீழே ஓட்டமும் நடையுமாகப் போனாள். திருப்பத்தில் எதிர்ப்பக்கமிருந்து தலைக்குமேல் பையைப் பிடித்தபடி ஒருவன் ஓடி வந்தான்.

மோதாமல் என்ன செய்வார்கள்?

"ஐயய்யோ!"

டிரே தப்பியது. மூடிகள்தான் எகிறிக் குதித்து, நடைபாதை முழுக்க உருண்டு ஓடின.

"கண்ணை வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வந்துட்டீங்களா?" என்று பொரிந்தாள்.

"கண்ணு இருக்குங்க... கண்ணாடிதான் நனைஞ்சு போச்சு." அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டினான். நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் எதற்காகப் பேச வாயைத் திறந்தோம் என்பதையே மறந்துவிட்டவன் போல நின்றான்.

இமையில் மழைத்துளி நிற்க, கோபத்தில் இன்னும் பெரிதாகிப்போன இரண்டு கண்கள்... பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவளும் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய முடியும், திட்டு வாங்கியும் சிரிக்கிற அந்த முகமும்... 'என்ன இது, திட்டினா சிரிக்கிறான்?'

அவன் மண்டியிட்டு மூடிகளைப் பொறுக்க ஆரம்பித்தான். "எந்த மூடி எந்தத் தட்டுக்குங்க?"

"எழுதியிருக்கே, தெரியலையா? இலைச்சாறு, உப்புத்தண்ணி, வெறும் தண்ணின்னு."

"மூடியில எழுதியிருக்கு, சரி. தட்டுல?"

"தட்டுல எதுவும் எழுத மாட்டோம்."

"அப்ப மூடி கழண்டுட்டா எது எதுன்னு எப்படிங்க தெரியும்?"

வெகுளியாகத்தான் கேட்டான். அவள் முகத்திலிருந்த கோபமெல்லாம் வடிந்து, வெளிறிப்போய் நின்றாள்.

விஷயம் இதுதான். உப்பு ஏறிப்போன நிலத்தில் விதை முளைக்காது. ஒரு குறிப்பிட்ட இலைச்சாற்றில் ஊறவைத்தால், உப்புத்தண்ணீரிலும் முளைக்கும் என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். அதுதான் அவளுடைய ஆய்வேடு. அதுதான் அவளும் மேடமும் சேர்ந்து எழுதி, பெரிய ஆய்விதழ் ஒன்று அட்டைப்படத்தோடு வெளியிட்ட கட்டுரை. மேடம் என்றால் அவளுடைய நெறியாளர், தாவரவியல் துறைத் தலைவர், சீக்கிரமே ஓய்வு பெறப்போகிறவர். இன்னும் சில வாரத்தில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அது முடிந்தால் டாக்டர் பட்டம், கையோடு அதே துறையில் விரிவுரையாளர் வேலை. பஸ் ஓட்டுகிற அப்பா இப்போதே டெப்போ முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த அட்டைப்படம் எடுத்த நாள்தான் இப்போது அவள் நெஞ்சில் இடித்தது. வெளிச்சம் மூடியில் பட்டுப் பளிச்சிடுகிறது என்று, அவளும் மேடமும் எல்லா மூடிகளையும் கழற்றி ஓரமாக அடுக்கினார்கள். படம் எடுத்து முடிந்ததும் அவள் ஞாபகத்தை மட்டும் நம்பித் திரும்ப மூடினாள். அதற்கு அப்புறம்தான் முளைகளை எண்ணினாள்.

சரியாகத்தான் மூடினேனா?

"ஏங்க... நான் ஏதாவது தப்பாக் கேட்டுட்டேனா?" என்றான் அவன்.

"இல்ல," என்றாள். "ரொம்பச் சரியாக் கேட்டீங்க."

மறுநாள் ஆய்வுக்கூட வாசலில் அவன் வந்து நின்றான். பக்கத்துக் கட்டடத்தில் புதிதாகச் சேர்ந்த புள்ளியியல் விரிவுரையாளராம். "நேத்து உங்க வேலையைக் கெடுத்துட்டேன். மனசு கேக்கல. ஏதாவது உதவி...?"

வேறு நாளாக இருந்தால் வந்த வழியே அனுப்பியிருப்பாள். அன்றைக்கு அவளுக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து பார்க்க முடிவு செய்திருந்தாள். இந்தத் தடவை தட்டின் அடியில் வெறும் எண். எந்த எண்ணில் எந்தத் தண்ணீர் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். எண்ணுகிறவருக்கு அது தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தன் ஆசைக்குத் தகுந்தபடி எண்ணிவிடும்.

"எண்ண வருமா உங்களுக்கு?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க? என் பிழைப்பே அதுதான்!"

விதைகள் ஊறின, தாளில் உட்கார்ந்தன. தினமும் மதிய இடைவேளையில் அவன் வருவான். விதைத்தோல் விலகி வெள்ளை நுனி தெரிந்தால்தான் முளைத்ததாகக் கணக்கு என்று அவள் சொல்லிக் கொடுத்தாள்.

"ஆரம்பத்துல கண்டுபிடிக்கவே கஷ்டமா இருக்கே..."

"உத்துப் பாத்தா தெரியும்."

"எவ்வளவு நேரம் உத்துப் பாக்கணும்?"

அவன் பார்த்தது தட்டை இல்லை. அவளுக்குக் காதுமடல் சூடானது. "கணக்கு வாத்தியாரே... விதை அங்க இருக்கு!"

"தெரியும், தெரியும்," என்று அவசரமாகக் குனிந்தவன், இதுவரை எண்ணியதை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். 'சரியான அசடு' என்று மனசுக்குள் திட்டினாள். அந்தத் திட்டில் எவ்வளவு இனிப்பு இருந்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் விதைகளுக்கு இவர்களுடைய சிரிப்பைப் பற்றி என்ன கவலை? கடைசி நாள் எண்ணி முடித்து, எந்த எண் எது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் கூட்டிப் பார்த்தான். இலைச்சாறு ஒன்றுமே செய்யவில்லை. உப்புத்தண்ணீரில், சாற்றில் ஊறியதும் ஊறாததுமாக, எல்லா விதைகளும் ஒரேயடியாக அடம்பிடித்துக் கிடந்தன. அன்றைக்கு இலைச்சாறு என்று எண்ணியதில் அமோகமாக முளைத்த சில தட்டுகள் வெறும் தண்ணீர்த் தட்டுகளாகத்தான் இருக்க வேண்டும். அவற்றின்மேல் இலைச்சாறு மூடி ஏறியிருக்கிறது.

ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவன் ஆறுதல் சொல்ல வந்து, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜைமேல் வைத்தான்.

"நாளைக்கே மேடம்கிட்ட சொல்லிடப் போறேன்."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "மேடம் ஓய்வு பெறுற விழா முடியட்டுமே... அதுக்கப்புறம் சொல்லிக்கலாமே?"

"அதுக்கு முன்னாடி என் வைவா இருக்கு! தப்புன்னு தெரிஞ்சே பட்டம் வாங்கச் சொல்றீங்களா? நீங்களா இப்படிப் பேசறீங்க?"

அவன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "மேடம்... எங்க அம்மா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சொல்லணும்னுதான் நினைச்சேன். அம்மா பேரைச் சொன்னா இந்த ஊரே எழுந்து நிக்குது. நீங்க ஒருத்தர்தான் என்னை வாய் நிறையத் திட்டினீங்க... அது எனக்குப் பிடிச்சிருந்தது. அம்மாவுக்கு இந்தக் கட்டுரைதாங்க உயிர். அட்டைப்படத்தை ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்காங்க. கழுத்துல மாலையோட போகட்டுமே, தலைகுனிஞ்சு போகணுமா?"

"அவங்க மாலைக்காக உப்பு நிலத்துல ஒருத்தர் இதை நம்பி விதைச்சு நஷ்டப்படணுமா?" எழுந்து கதவைத் திறந்தாள். "போங்க சார். நீங்க எண்ணிக் கொடுத்ததுக்கு நன்றி."

'சார்' என்ற வார்த்தை அவ்வளவு தூரமாக ஒலிக்கும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. அவன் போய்விட்டான். அடப்பாவி, ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா!

மறுநாள் மேடம் அறைக்குப் போனாள். யாருடைய ஆய்வேட்டையோ சிவப்புப் பேனாவால் உழுதுகொண்டிருந்த மேடம், முழுக்கக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

"கதவைச் சாத்தும்மா. அன்னிக்கு மூடியைக் கழட்டினது யாரு?"

"நீங்களும் நானும், மேடம்."

"திரும்ப மூடினது?"

"நான்தான்."

"மாத்தி மூடினியா?"

"தெரியல மேடம். மாத்தலைன்னும் என்னால சொல்ல முடியல. மறுபடி செஞ்சு பாத்தா எதுவும் வரல."

"எண்ணினது யாரு?"

"உங்க... பையன்."

மேடத்தின் புருவம் ஒரு கணம் ஏறி இறங்கியது. "பட்டம் இல்லேன்னா அந்த வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. அது தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

"சரி. நாளைக்கு வைவாவுக்கு வா."

அவ்வளவுதான். திட்டவில்லை, தட்டிக் கொடுக்கவும் இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று முழுக்க அவள் மண்டையைக் குழப்பிக்கொண்டாள். 'வா' என்றால், வாயை மூடிக்கொண்டு வா என்பதா?

அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மேடம், பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர். கடைசி வரிசையில் அவன், சவரம் கூடச் செய்யாத முகத்தோடு. தேர்வாளர் எடுத்த எடுப்பிலேயே புகழ ஆரம்பித்தார். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிக்கணும் சார். இந்த ஆய்வேட்டோட முக்கியமான முடிவு தப்பு. நானே வாபஸ் வாங்கிக்கிறேன்." மூடிகளைப் பற்றி, திரும்பச் செய்து பார்த்ததைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள்.

அரங்கம் முழுக்கச் சலசலப்பு. தேர்வாளர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். "இதை யாருமே கண்டுபிடிக்கலையேம்மா?"

"நான் கண்டுபிடிச்சுட்டேனே சார்."

மேடம் எழுந்து நின்றுவிட்டார்.

"மூடியில பேர் எழுதற பழக்கம் என்னுடையது. மேலேருந்து பாத்தா படிக்க வசதின்னு, இத்தனை வருஷமா என் மாணவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். படத்துக்காக மூடியைக் கழட்டச் சொன்னதும் நான்தான். கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கச் சொல்லி இன்னிக்குக் காலையில ஆய்விதழுக்கு எழுதிட்டேன். தப்பை மேடையில சொல்ற ஒரு மாணவியை உருவாக்கியிருக்கேன். எனக்கு அது போதும்." சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. உட்கார்ந்து, கைக்குட்டையைத் தேடினார்.

வைவா தள்ளிப்போனது. பட்டம் இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். வேலை கை நழுவியது நழுவியதுதான். மழைச் சாரல் அடித்த வராந்தாவுக்கு வந்து அப்பாவுக்குப் போன் செய்தாள். விக்கி விக்கிச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "தப்பான ரோட்டுல போயிட்டா ரிவர்ஸ் எடுத்துத்தானேம்மா ஆகணும்? இதுல அழ என்ன இருக்கு? டெப்போவுல நான் சமாளிச்சுக்கிறேன், நீ சாப்பிட்டியா?" என்றார். அதுவரை தாங்கிய அழுகை அப்போதுதான் உடைந்து கொட்டியது.

பக்கத்தில் செருப்புச் சத்தம். மேடம். கண் சிவந்திருந்தாலும் குரல் பழையபடி ஆகியிருந்தது.

"நாளைக்கு லேபைத் திற. முதல்லேருந்து ஆரம்பிப்போம். ஓய்வு வேலைக்குத்தான், உனக்கு நான் கைடுதான்." ரெண்டடி நடந்து திரும்பினார். "அந்தத் தூணுக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கிறான். முந்தாநாள்லேருந்து சரியாச் சாப்பிடாம வீட்டையே சுத்திச் சுத்தி வரான். என்னன்னு கேட்டு அனுப்பு."

தூணுக்குப் பின்னாலிருந்து வந்தவன் கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான். எத்தனை ஒத்திகை பார்த்திருந்தானோ, எல்லாம் போயே போச்சு.

"நான் பயந்துட்டேங்க," என்றான் கடைசியில். "அம்மாவைக் காப்பாத்தறேன்னு நினைச்சேன். அவங்க தாங்குவாங்கன்னு அவங்களை நம்பினது நீங்கதான், நான் இல்ல. வகுப்புல பசங்களுக்கு நேர்மையைப் பத்திப் பாடம் எடுக்கிறவன்... எனக்கு வெக்கமா இருக்கு. மன்னிப்பீங்களா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "பெத்த அம்மா... பயம் இருக்காதா? எனக்கும்தான் நேத்து பூரா கை கால் உதறிச்சு. ஆனா நீங்க பக்கத்துல இருந்திருந்தா இவ்வளவு உதறியிருக்காது. அந்தக் கோபம்தான்."

அவன் முகத்தில் மெல்ல வெளிச்சம் வந்தது. "நாளைக்கு மறுபடி விதை போடறீங்களாமே... நான் எண்ண வரட்டுமா?"

"வேண்டாம்."

"ஏங்க? இன்னும் கோபமா?"

"நீங்க எண்ணக்கூடாது." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வேண்டியவங்க எண்ணினா யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

"போன தடவை எண்ணினேனே?"

"அப்போ நீங்க யாரோ..."

"இப்போ?"

மழை விட்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து சொட்டிய தண்ணீரை, அதில் ஏதோ எழுதியிருப்பது போல அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் காத்திருந்தான். கண்ணாடியில் பட்ட துளியைக்கூடத் துடைக்காமல் காத்திருந்தான்.

"இப்போ எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு," என்றாள் அவள். "இதையும் மறைக்க எனக்குத் தெரியல."