கேரட் குழியில் வளராத பஞ்சுயிரி

மலைக்கிராமமான பூண்டியில் கேரட் கழுவும் குழிக்குள் கூலிக்காரர் நல்லையா குப்புறச் செத்துக் கிடந்தார். 2006 ஐப்பசி, மழை விட்டிருந்த காலை ஆறரை மணி. முதலில் பார்த்தவள் அந்தக் குழியில் வேலை செய்யும் அன்னக்கொடி.

கூலிக்காரன் செத்தால் காரணம் தேட இந்த மலையில் யார் மெனக்கெடுகிறார்கள்? இந்த முறை காரணம் கையிலேயே இருந்தது. முந்தின நாள் மதியம் இதே குழிக்கரையில் நல்லையாவும் அவருடைய மைத்துனன் சுரேந்திரனும் கட்டிப் புரண்டதை ஊரே பார்த்திருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் வேறு. ஏனென்று கேட்க ஆளில்லை. எட்டு மணிக்கெல்லாம் சுரேந்திரன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். கொலைக் கேஸ் என்றால் அவன் ஆயுசே போச்சு.

இன்ஸ்பெக்டர் சிவபாக்கியம் அவ்வளவு சீக்கிரம் சோலியை முடிக்கிற ரகம் இல்லை. கான்ஸ்டபிள் ராமர் இரண்டு கைகளையும் மாறி மாறிச் சொறிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்.

"என்னய்யா ஆச்சு?"

"பாடியத் தூக்குனதிலேர்ந்து தீயா அரிக்குதும்மா. குழியில பூச்சிமருந்துத் தண்ணியில்ல?"

சிவபாக்கியம் அன்னக்கொடியிடம் திரும்பினார். "இந்தத் தண்ணி உங்களுக்கு அரிக்குமா?"

"அரிச்சா யாரும்மா நிப்பா? வெள்ளனே எறங்குனா உச்சிப்பொழுது வரைக்கும் இதுலதான் கெடக்கோம். குளிர்ல காலு மரத்துப் போகும், அவ்வளவுதான்."

இறந்தவரின் நக இடுக்கில் பச்சையாக ஏதோ அப்பியிருந்தது. பாசி என்றார் ராமர். சிவபாக்கியம் விரலில் வைத்துத் தேய்த்தார். மணலைப் போல நறநறத்தது.

மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார்: "தண்ணியில மூழ்கித்தான் செத்திருக்கார். நகத்துல இருந்தது பாசி இல்ல. மைக்ராஸ்கோப்ல பார்த்தா முழுக்கக் கண்ணாடி ஊசி. நுரையீரல்ல இருந்த தண்ணியிலயும் அதே ஊசி. இவரு கூலிக்குப் போயிட்டிருந்தாரே, அந்தப் புரொபசர் சுவாமிநாதன்தான் குளம் குளமா இந்த மாதிரி எதையோ தேடிட்டு அலையுறார்."

லாட்ஜ் வாசலில் சுவாமிநாதனின் ஜீப் நின்றது. அவர் அறையில் இருந்தார். மேஜைமேல் ஆள் நீளத்துக்கு, சேறு அடைத்த பிளாஸ்டிக் குழாய் கிடந்தது. அதன் வெளிப்பக்கம் இன்னும் ஈரம் காயவில்லை.

"நேத்து நல்லையா உங்ககிட்ட வேலைக்கு வந்தாரா?"

"இல்ல மேடம். மதியம் கூப்பிடப் போனேன். மச்சானோட ஒரே சண்டை. வரலைன்னுட்டார். நான் ரூமுக்குத் திரும்பிட்டேன்."

"இது என்ன சார்?"

அவர் முகம் மலர்ந்தது. "குளத்து அடிமண். கடல்ல பஞ்சுயிரி, ஸ்பாஞ்ச், இருக்குல்ல, அதுக்கு நன்னீர்லயும் சொந்தம் உண்டு. முங்கிக் கெடக்கிற குச்சியில பச்சையா ஒட்டி வளரும். உடம்பு பூரா கண்ணாடி ஊசி. செத்தா ஊசி மட்டும் அடியில படியும். ஊசி நிறைஞ்ச அடுக்கு, நல்ல மழைக்காலம். ஊசியே இல்லாத அடுக்கு, குளம் வத்துன பஞ்சகாலம். ஆறாயிரம் வருஷத்து மழை இதுக்குள்ள இருக்கு."

"பூண்டி கேரட் குழியில இது வளருமா?"

அவர் சிரித்தேவிட்டார். "சான்ஸே இல்ல. தினமும் கலங்குற சேறு, போதாததுக்கு மருந்து. இந்த மலை முழுக்க அலசிட்டேன். இன்னிக்கு உயிரோட இருக்கிறது சோலைக்காட்டுக்குள்ள ஒரே ஒரு குளத்துலதான்."

"வேற எங்கயும்?"

"எங்கயும் இல்ல. என் பேரைப் போட்டே எழுதிக்கோங்க."

"நல்லையா நகத்துல இருந்துச்சு சார்."

சிரிப்பு நின்றது. "போன வாரம் குளத்துல வேலை செஞ்சார். அப்ப ஒட்டியிருக்கும்."

"நுரையீரல்லயுமா? செத்த பிறகு எவனும் தண்ணியை உறிஞ்ச மாட்டான். அவர் மூழ்குனது உங்க குளத்துல. ராத்திரியோட ராத்திரியா குழிக்கு ஜீப்புல கொண்டு வந்து போட்டது நீங்க. அங்க சண்டையைப் பார்த்திருந்த உங்களுக்கு, பழி யார் மேல விழும்னும் தெரியும். பச்சையா எது ஒட்டியிருந்தாலும் ஊர் பாசின்னு சொல்லிடும்னு விட்டுட்டீங்க. அந்த ஊசி தோல்ல குத்தி அரிக்கும்ங்கிறதை மறந்துட்டீங்க. கேரட் கழுவுற பொம்பளைக்கு இல்லாத அரிப்பு என் கான்ஸ்டபிளுக்கு எப்படி வரும்?"

சுவாமிநாதன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "குளத்து நடுவுல நாங்க நின்ன தெப்பம் சாஞ்சு அவர் தண்ணியில விழுந்துட்டார். குழாய் அப்பத்தான் மேல வந்துச்சு. ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன். விட்டிருந்தா அடியில போயிருக்கும்."

"அவர் கூப்பிட்டாரா?"

அவர் மேஜைமேல் கிடந்த குழாயைப் பார்த்தார். "கூப்பிட்டார். காட்டுக்குள்ள போக எனக்கு அனுமதியும் கிடையாது மேடம். வெளிய தெரிஞ்சா எல்லாமே போயிடும்னு..."

"அதுக்கு இன்னொருத்தன் ஜெயிலுக்குப் போகணுமா? எழுந்திரிங்க."

இரவு ஏழு மணிக்குச் சுரேந்திரனை விட்டார்கள். ஸ்டேஷன் வாசலில் அவன் அக்கா வேலம்மா நின்றிருந்தாள். காலையில் தாலி போனவள், தம்பியாவது மிஞ்சினான். சிவபாக்கியம் நடந்ததை மறைக்காமல் சொன்னார்.

"அந்தக் குழாயில அப்படி என்னதாம்மா இருந்துச்சு?"

"மண்ணு. அந்தக் காலத்துல எவ்வளவு மழை பெஞ்சதுன்னு பார்க்கிற மண்ணு."

வேலம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "குளம் வத்திப்போச்சா?"

"இல்ல. அப்படியேதான் கெடக்கு."

"அந்த மண்ணும் அடியில அப்படியேதான இருக்கும்?"

"இருக்கும்."

"அப்ப அந்தத் தொரை நாளைக்குப் போய் எடுத்திருக்கலாமே அம்மா" என்றாள் வேலம்மா.