பிக்கப் பொரித்த குஞ்சுகள்

சனிக்கிழமை காலை கோழி வளர்ப்புச் சங்கத்தின் முற்றத்தில் இரண்டு பிக்கப் வண்டிகள் வந்து நின்றன. ஒன்று சிவப்பு. அது டீசலில் ஓடுவது. மற்றது வெள்ளை. அது பிளக் குத்தி மின்சாரம் ஏற்றுகிற ஹைபிரிட்.

இரண்டில் ஒன்றைச் சங்கம் வாங்க வேண்டும். முட்டையையும் தீனி மூட்டையையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு மல்லாவிச் சந்தைக்குப் போய்ப் பட்ட பாடு போதும் என்று எல்லாரும் முடிவெடுத்திருந்தார்கள்.

வாகனத்தை ஓட்டப் போகிறவர் அப்புத்துரை மாமா. பல வருடங்களாக உழவு இயந்திரம் ஓட்டியவர். சத்தம் போடாத வாகனம் அவர் கண்ணுக்கு வாகனமே இல்லை. அவர் சிவப்பு பிக்கப்பில் ஏறியிருந்து எஞ்சினை ஒரு முறுக்கு முறுக்கினார். வேலியில் இருந்த காகங்கள் எல்லாம் பறந்தன.

"கேட்டீங்களோ சத்தம்! இதெல்லோ வாகனம்!" என்றார். "அந்த வெள்ளை கறண்டில ஓடுற சாமான். ஒரு தூறல் விழுந்தாலே கறண்ட் போற ஊர் எங்கட ஊர். கறண்ட் போனா உதுவும் படுத்திடும்!"

எல்லாரும் சிரித்தார்கள். வெள்ளை வண்டியை விற்கக் கொண்டுவந்த ரஜிதன் அண்ணா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்புத்துரை மாமா ஹோர்ன் அடித்தார். ரஜிதன் அண்ணா மறுபடி வாயைத் திறந்தார். மாமா மறுபடி ஹோர்ன் அடித்தார். பிறகு பாவம், அவர் வாயைத் திறக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரும் காற்று அடித்தது. எங்கோ ஒரு மரம் முறிந்து விழும் சத்தம் கேட்டது. சங்கக் கட்டடத்தின் விளக்குகள் அணைந்தன.

"பாத்தீங்களோ! நான் சொல்லி வாய் மூடேல்லை, கறண்ட் போயிட்டுது!" என்று துள்ளினார் மாமா.

சிவப்பு பிக்கப்புக்குக் கைகள் உயர்ந்தன. சங்கத் தலைவி நேசமலரும் கையை உயர்த்தினார். "அப்ப சிவப்புத்தான். நாளைக்குக் கூட்டத்தில முடிவாச் சொல்லுவம்" என்றார்.

நேசமலரின் மகள் டக்சாயினி ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். இந்தச் சண்டையில் அவளுக்கு அக்கறை இல்லை. அவளுடைய எண்ணமெல்லாம் உள்ளே இருந்த, மின்சாரச் சூட்டில் குஞ்சு பொரிக்கும் பெட்டியில்தான் இருந்தது. பெட்டி நிறைய முட்டைகள். அவற்றில் மூன்றில் அவள் பென்சிலால் நட்சத்திரம் கீறியிருந்தாள். அவை சீமாட்டி இட்ட முட்டைகள்.

சீமாட்டி அவளுடைய கோழி. தலையை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்காரி மாதிரி நடக்கும். போன மாதம் அதைக் கீரி பிடித்துவிட்டது. டக்சாயினி இரண்டு நாள் அழுதாள். இனி அவளுக்கு மிச்சம் இருப்பது அந்த மூன்று முட்டைகள்தான். நாளைக்குக் குஞ்சுகள் வெளியே வந்துவிடும் என்று அம்மா சொல்லியிருந்தார்.

குசினியில் தேநீர் ஊற்றினார்கள். எல்லாக் கோப்பைகளும் சிவப்பு பிக்கப் பக்கமே போயின. தனியாக நின்ற ரஜிதன் அண்ணாவுக்கு ஒருவரும் கொடுக்கவில்லை. டக்சாயினிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

"வேண்டாம் தங்கச்சி, நானே ஊத்திட்டன்" என்று கூச்சத்தோடு சிரித்தார் அவர்.

வண்டியின் பின்பக்கத்தில் ஒரு கேத்தில் தண்ணீர் கொதித்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதன் வயர் வண்டியிலேயே செருகியிருந்தது.

"வாகனத்துக்குள்ள கறண்ட் இருக்கோ அண்ணா?"

"ஓம், இருக்கு. சீனிதான் இல்லை. மறந்துபோனன்."

டக்சாயினி ஓடிப்போய் ஒரு பனங்கட்டித் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் கடித்துக்கொண்டு தேநீரைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்தார். வெள்ளை பிக்கப் சத்தமே இல்லாமல் ஒழுங்கையால் நழுவிப் போனது. அது போனதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை.

சற்று நேரத்தில் உள்ளே இருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அண்ணை, ஜெனரேற்றரை ஒருக்கா இழுத்து விடுங்கோ. பெட்டி ஆறப்போகுது."

மாமா கயிற்றை இழுத்தார். ஜெனரேற்றர் இருமியது. மறுபடி இழுத்தார். அது இருமவும் இல்லை. தோள்மூட்டு நோகும் வரை இழுத்தார். அது செத்துப்போய்க் கிடந்தது.

மின்சார சபைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். மரம் கம்பியில் விழுந்திருக்கிறது, நாளைக்குத்தான் சரிவரும் என்று பதில் வந்தது.

பெண்கள் சாக்கும் போர்வையும் கொண்டுவந்து பெட்டியை மூடினார்கள். டக்சாயினி பெட்டியில் காதை வைத்தாள். உள்ளே மிக மெல்லியதாக "கீச்" என்றது.

"அம்மா, குஞ்சு கத்துது! குளிர்ந்தா என்ன நடக்கும்?"

அம்மா இன்னொரு சாக்கை இழுத்துப் பெட்டியின் மேல் போட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே டக்சாயினிக்குப் பயமாக இருந்தது.

"முட்டையளை என்ர பிக்கப்பில ஏத்துங்கோ, கறண்ட் இருக்கிற இடத்துக்குக் கொண்டு போவம்" என்றார் மாமா.

"உந்த றோட்டிலயோ? போய்ச் சேரேக்க முட்டை அப்பம்தான் மிஞ்சும்" என்றார் அம்மா.

டக்சாயினிக்குத் திடீரென்று அந்த ஆவி நினைவுக்கு வந்தது.

"அம்மா! கேத்தில்! கேத்தில்!"

"இப்பவோ பிள்ளை உனக்குத் தேத்தண்ணி?"

விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. ரஜிதன் அண்ணாவின் தொலைபேசி இலக்கத்தையும் ஒருவரும் வாங்கி வைக்கவில்லை. அவள் சைக்கிளில் பாய்ந்து ஏறினாள்.

தார் வீதி வயல்களைச் சுற்றிக்கொண்டு போகும். வாய்க்காலின் கரைக்கட்டு நேராகப் போகும். அவள் சைக்கிளைக் கரைக்கட்டில் ஏற்றினாள். அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டு முகத்தில் அடித்தது. சேறு முதுகு வரை தெறித்தது. ஒருமுறை வழுக்கி விழுந்தாள், எழும்பினாள், மறுபடி மிதித்தாள். "சீமாட்டி, சீமாட்டி" என்று சொல்லிச் சொல்லியே மிதித்தாள்.

கரைக்கட்டு தார் வீதியோடு சேரும் பாலத்தடியில் ஒரு மாட்டுப்பட்டி வீதியை மறித்துக்கொண்டு ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் பொறுமையாகக் காத்து நின்றது வெள்ளை பிக்கப்! ஹோர்ன்கூட அடிக்கவில்லை.

"அண்ணா! அந்தக் கறண்ட்... எங்கட முட்டையளுக்கும் கொஞ்சம் தருவீங்களோ?"

நடந்ததைக் கேட்டதும் ரஜிதன் அண்ணாவின் முகம் மலர்ந்தது. "அதைச் சொல்லத்தானே காலமை வாயைத் திறந்தனான்! ஏறு தங்கச்சி, ஏறு!"

சங்கத்து யன்னலால் நீளமான வயர் ஒன்று பிக்கப் வரை போனது. ரஜிதன் அண்ணா பிளக்கைச் செருகினார். பெட்டியின் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெண்கள் போட்ட சத்தத்தில் காகங்கள் மறுபடி பறந்தன. அம்மா சேற்றோடு சேர்த்து டக்சாயினியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அப்புத்துரை மாமா மட்டும் வெள்ளை பிக்கப்பைச் சந்தேகமாகச் சுற்றி வந்தார். "பற்றரி குறைஞ்சுகொண்டு போகுது. முடிஞ்சாப் பிறகு என்ன செய்யப் போறீங்கள்?"

பொழுது சாயும் நேரத்தில் வண்டி தானாகவே 'உர்ர்' என்றது. மாமா துள்ளி விழுந்தார்.

"என்னது? இதுக்குள்ள எஞ்சினும் இருக்கோ?"

"ஓம் ஐயா. பெற்றோல் எஞ்சின். பற்றரி குறைஞ்சா அதுவே ஓடிக் கறண்டை ஏத்தும். கறண்ட் இல்லாட்டியும் வாகனம் நிக்காது."

"அட, இதைக் காலமையே சொல்லியிருக்கலாமே தம்பி!"

"சொல்ல வந்தனான் ஐயா. நீங்கள் ஹோர்ன் அடிச்சீங்கள்."

மாமாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஞாயிறு விடிந்தபோது பெட்டிக்குள் ஒரே கூச்சல். ஓடுகளை உடைத்துக்கொண்டு குஞ்சுகள் வந்துகொண்டே இருந்தன. நட்சத்திரம் போட்ட ஓடுகளில் இருந்தும் மூன்று குஞ்சுகள் வந்தன. அவற்றில் ஒன்று ஈரம் காயும் முன்னமே தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

"சீமாட்டியின்ர நடை!" என்று கத்தினாள் டக்சாயினி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

கூட்டத்தில் அம்மா கேட்டார்: "எந்த பிக்கப்?"

முதலில் உயர்ந்தது அப்புத்துரை மாமாவின் கை. "வெள்ளைதான்! இதுக்கு மேலயும் ஒரு கதை இருக்கோ?"

முடிவைக் கொண்டாட ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். மாமா ஓட்டினார். பக்கத்தில் டக்சாயினி, தன் மூன்று குஞ்சுகளையும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஒழுங்கையில் திரும்பியதும் மாமாவின் கை பழக்கத்தில் ஹோர்னுக்குப் போனது.

"மாமா! குஞ்சுகள் பயந்திடும்."

மாமா கையை எடுத்துவிட்டார். வெள்ளை பிக்கப் சத்தமில்லாமல் உருண்டது. சீமாட்டியின் பிள்ளைகள் போட்ட சத்தம் மட்டும் தெரு முழுக்கக் கேட்டது.