மூன்று சத்து மாத்திரைகள்

போன் அலறியது.

இசக்கிச்செல்வி எடுத்தாள். டாக்டர் கலையரசி.

"நேத்து உங்க வீட்டுக்காரருக்கு ஊசி போட வந்தப்ப மயங்கி விழுந்தீங்கல்ல? உங்க ரத்தத்தையும் பார்த்தோம். வெள்ளணு நாலாயிரத்துக்கு மேல இருக்கணும். உங்களுக்கு எண்ணூறு. இப்படிக் குறைக்கிறது அவரோட மாத்திரைதான். அதைச் சாப்பிடுறீங்களா?"

"நான் எதுக்கு டாக்டரம்மா அதத் திங்கப் போறேன்?"

"அப்ப யாரோ உங்களுக்குத் தெரியாம கொடுக்கிறாங்க. அவர் ரத்தத்துல மாத்திரை சாப்பிட்ட அறிகுறியே இல்ல. உடனே கிளம்பி வாங்க. சின்னக் காய்ச்சல் வந்தாலும் உயிருக்கு ஆபத்து. அங்க தண்ணிகூடக் குடிக்காதீங்க..."

அவள் போனை வைத்தாள்.

கணவன் மகாராஜனுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஈரல் வரை பரவிவிட்டது. இரண்டு வகை கீமோவும் கைவிட்ட பிறகு டாக்டர் ஒப்பிட்டுச் சொன்னார். ஒரு மாத்திரை இருக்கிறது, கை கால் கொப்புளிக்கும், அவருக்குத் தாங்காது. இன்னொரு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சராசரியாக ஏழெட்டு மாதம். கூடவே ஊசியும் சேர்ந்தால் பத்து மாதத்துக்கு மேல். வெறும் ஊசியால் பிரயோசனமில்லை.

நோயின் பெயரைக் கேட்டால் மனுஷன் பாதி செத்துவிடுவார் என்று அவள் பயந்தாள். மாத்திரையைச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டினாள். ஊசி வயிற்றுப்புண்ணுக்கு என்றாள்.

அந்த மாத்திரையை எவனோ தன் வயிற்றுக்குத் திருப்பிவிட்டிருக்கிறான்!

எவன்?

அடுக்களையிலிருந்து சுக்கு மணம் வந்தது.

மாரிராஜ்! கொழுந்தன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கியதிலிருந்து இவர்களோடுதான் இருக்கிறான். தினமும் மூன்று மணிக்கு அவன் கையால்தான் அவளுக்குச் சுக்குக் காப்பி.

"மதினி, காப்பி ஆறுது."

"வச்சிட்டுப் போ மாரி."

"சூட்டோட குடிங்க. மொகமெல்லாம் வெளுத்துப் போய்க் கெடக்கு."

அந்த அக்கறையே அவள் சந்தேகத்தைக் கூட்டியது.

அவன் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. அவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஒண்டினாள்.

காலடி... திரும்பி வருகிறான்!

டக்... டக்... கரண்டிக்காம்பால் எதையோ நுணுக்கும் சத்தம். தம்ளருக்குள் பொடி விழுந்தது.

"ஏ மாரி..."

உருவம் திரும்பியது.

மகாராஜன்.

"பைய பேசுட்டி. மூணு சத்து மாத்திரதான். எனக்கு ஊசி போதும். என்னையப் பாத்துப் பாத்து நீதான் துரும்பா எளைச்சிட்ட. தந்தா வாங்க மாட்ட. அதான் விழுங்குன மாதிரி காட்டிட்டு, ரெண்டு மாசமா ஒன் காப்பியில போடுதேன்."

அவள் தம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"அது சத்து மாத்திர இல்லங்க. அதுதான் ஒங்க மருந்து. என் ரத்தமெல்லாம் கெட்டுப் போச்சாம். ஒடனே வரச் சொல்லுதாங்க."

மகாராஜன் கையிலிருந்த கரண்டி விழுந்தது. நோயாளி அவர்தான், ஆனால் சாவுப் பயத்தை அன்றுதான் அவர் முகத்தில் பார்த்தாள்.

அவர் வாசலைப் பார்த்துக் கத்தினார். "மாரி! ஓடிப் போயி ஆட்டோ பிடிலே!"

"என்னைய மன்னிச்சிருங்க. ஒங்களுக்கு வந்திருக்கது..."

"கேன்சர். தெரியும்."

"யாரு சொன்னா?"

"ஆஸ்பத்திரி வாசல்ல ஆள் ஒசரத்துக்கு எழுதிப் போட்டிருக்கு. மறைக்கணும்னா மொதல்ல அந்தப் போர்டையில்லா மறைச்சிருக்கணும்!"