மைக்கின் முதுகு

அண்ணன் ஹால் சோபாவில் செத்துக் கிடந்தார்.

முகத்தின் மேல் தலையணை!

"பக்கத்து ரூம்ல பாடிட்டிருந்தேன் சார்... எவனோ உள்ள வந்திருக்கான்..." என்று இன்ஸ்பெக்டரிடம் தம்பி மூக்கைச் சிந்தினான்.

தெருவில் அவனுக்குச் 'சுருதி' என்று பெயர். அவனிடம் இல்லாததை நினைத்து வைத்த பெயர். நாற்பது வயது வரை அண்ணன் சோற்றில் வளர்ந்த உடம்பு. வீட்டை விற்கப் போகிறேன், மூட்டையைக் கட்டு என்று அண்ணன் சொன்ன மறுநாளே அது தலையணையைத் தூக்கியது.

சுருதியின் மூளை அன்றுதான் முதன்முதலாக வேலை செய்தது. முன்பு தானே பாடிப் பதிந்து வைத்திருந்த பாட்டு ஒன்றை ஸ்பீக்கரில் ஓட விட்டான். அதைப் புது மைக்கில் பதிவாக விட்டுவிட்டு அண்ணனிடம் போனான். கொலை நடந்த நேரத்தில் அவன் பாடிக்கொண்டிருந்ததாகக் கம்ப்யூட்டரே சாட்சி சொல்லும்!

முடிந்ததும் முதல் வரியை மட்டும் ஓட்டிப் பார்த்தான். சகிக்கவில்லை. நிறுத்திவிட்டான்.

இன்ஸ்பெக்டர் மைக்கைச் சுற்றி வந்தார்.

"இது என்ன மைக்?"

பிணம் இருக்கும் வீடு என்பதே சுருதிக்கு மறந்து போயிற்று. ரிப்பன் மைக் சார் என்றான். உள்ளே மெல்லிசாக ஒரு உலோக நாடா அதிருமாம். பெரிய ஸ்டுடியோக்காரர்கள் கொட்டிக் கொடுத்து வாங்குவார்களாம். இது வீட்டில் பாடுகிறவர்களுக்காக மலிவாக வந்ததாம். ஹால் சத்தம் விழக்கூடாது என்றுதான் மைக்கின் முதுகைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறானாம். அவனுடைய பழைய மைக்குக்கு முதுகுப் பக்கம் செவிடு.

இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டுப் பதிவை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார். பதிவை ஓட விட்டார். சுருதியின் பாட்டு எருமை மாதிரி இழுத்துக்கொண்டு போனது. இரண்டாவது சரணம்...

நடுவே அண்ணனின் குரல். பளிச்சென்று!

"என்னடா, பாட்டு அங்க ஓடுது... நீ இங்க நிக்கிறே? தலையணை எதுக்குடா?"

அப்புறம் ஒரு திமிறல்.

"ரிப்பன் மைக்குக்கு முன்னால எவ்வளவு கேக்குமோ, அவ்வளவு பின்னாலயும் கேக்குமாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "வாங்கினவனுக்கு அதுகூடத் தெரியல."

"சார்... நான் முழுசா கேட்டுப் பாத்திருந்தா..."

"உன் பாட்டை முழுசா கேக்க உன்னாலயே முடியல."

விலங்கை மாட்டினார்.

"எனக்குச் சம்பளம் தர்றாங்க. கேட்டுத் தொலைச்சேன்."