குழந்தைவேலுவின் குடும்ப விவரம்

குழந்தைவேலு கடிதம் எழுதியிருந்தார். கடிதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையெழுத்து சுத்தமாக இருந்தது, மரியாதைக்கும் பஞ்சமில்லை. குழந்தைவேலு என்று ஓர் ஆள் கிடையாது என்பதுதான் ஒரே சங்கடம்.

அது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் திருநாவுக்கரசுவுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஆளை உண்டாக்கியவரே அவர்தான். மார்ச் மாதம், கம்பெனி வருஷத்தை முடிக்க இரண்டு நாள் இருந்தபோது, அந்தமானில் அவர் பிடித்திருந்த ஆயுள்கள் ஒன்பது. பத்து பிடித்தால் வெள்ளிக் கோப்பை கொடுப்பார்கள், மெட்ராஸ் தலைமை ஆபீஸ் பத்திரிகையில் போட்டோ போடுவார்கள். மனித ஆயுள் நிலையில்லாதது என்று வீடு வீடாகப் பிரசங்கம் செய்கிறவர், ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்து புதிதாக ஓர் ஆயுளையே செய்துவிட்டார்.

டாக்டர் பரிசோதனை வேண்டாத சின்னத் தொகை. வயது முப்பது. தொழில் விவசாயம். மார்பு முப்பத்திரண்டு அங்குலம், மூச்சை இழுத்தால் முப்பத்திநாலு. அடையாளம், இடது காதுக்குக் கீழே மச்சம். விலாசம், பெரார்கஞ்ச், மனை எண் நாற்பத்தொன்று. அங்கே குடியேறியவர்களுக்கு அளந்து கொடுத்தது நாற்பது மனைதான் என்று விசாரித்து வைத்துக்கொண்டு எழுதிய எண் அது. குடும்ப விவரத்தில் தாய் உயிருடன், வயது ஐம்பது. ஒரு சாவும் இல்லாத குடும்பத்தை மெட்ராஸ்காரர்கள் நம்பமாட்டார்களே என்று, பத்தொன்பது வயதில் ஒரு தங்கையைத் தண்ணீரில் மூழ்கடித்தார். தகப்பனை ஐம்பத்திரண்டில் முடித்தார். ‘இவரை நேரில் பார்த்தீர்களா?’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதி, தன் கையெழுத்தை வாலும் சுழியுமாகப் போட்டார். குழந்தைவேலுவின் கையெழுத்தை இடது கையால் போட்டார்.

கோப்பை வந்தது. போட்டோவும் வந்தது. போன வாரம் அவருக்கு ஐம்பத்திரண்டு பிறந்தபோது கம்பெனி ஒரு வாழ்த்து அட்டைகூட அனுப்பியது. அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, வருகிறவர்கள் பார்வையில் படும்படி திருப்பி வைத்திருந்தார்.

இப்போது வியாழக்கிழமைக் கப்பலில் கம்பெனி இன்ஸ்பெக்டர் வருகிறார். பத்துப் பேரையும் நேரில் பார்ப்பாராம், அல்லது அவர்கள் கையொப்பமிட்ட சான்று வேண்டுமாம். ஒன்பது பேரைக் காட்டலாம். பத்தாவது ஆள் இல்லையென்றால் வேலை போகும், மானம் போகும், அதன் பிறகு ஜெயில். கைதிகளை அனுப்புவதற்கென்றே பேர்போன தீவில் இருந்துகொண்டு ஜெயிலுக்குப் போவதைப்போல் அசட்டுத்தனம் உண்டா?

இந்த நிலையில்தான் கடிதம் வந்தது. ‘படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. தாங்கள் வீட்டுக்கு வந்து நிரப்பித் தரவும். இன்ஸ்பெக்டருக்கு வேண்டிய கையொப்பமும் போட்டுத் தருகிறேன்.’

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். விளையாடுகிறவன் கையொப்பமும் போடுவான் என்றால் நமக்கென்ன நஷ்டம் என்றும் நினைத்தார். கோட்டை மாட்டி, டையைக் கட்டி, தோல்பையும் குடையுமாகப் புறப்பட்டார். இல்லாத ஆள் எப்படியாவது இருந்து தொலைய வேண்டும் என்று வழி முழுக்க முருகனை வேண்டிக்கொண்டார்.

பெரார்கஞ்சில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி நாலரை. மெட்ராஸ் கடிகாரத்தை வைத்துக்கொண்டு காலந்தள்ளுகிற தீவு அது. நவம்பரில் ஐந்துக்கெல்லாம் இருட்டிவிடும். கடைக்காரர் சாகுல் ஹமீது பெட்ரோமாக்ஸைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

“நாப்பத்தொண்ணா? நாப்பதோட கதம், ஏஜென்ட் சாப். அதுக்கு அந்தாண்ட ஜங்கிள். அங்க அட்டைப் பூச்சிக்கா பாலிசி போடப் போறீங்க?”

“வேடிக்கை வேண்டாம், பாய். ஆள் லெட்டர் போட்டிருக்கார்.”

சாகுல் ஹமீது சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “இந்தப் பக்கத்துத் தபால் பூராவும் நம்ம கடை வழியாத்தான் போவுது, வருது. நாப்பத்தொண்ணுலேருந்து ஒரு காயிதம் நான் பாத்ததில்லையே,” என்றார். “டார்ச் இருக்கா சாப்?”

டார்ச் இருந்தது. நாற்பதாவது மனையின் வேலியில் பாதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. வெட்டிச் சாய்த்த படாக் மரங்களின் அடிக்கட்டைகளுக்கு நடுவே, அட்டைகள் நெளியும் சகதியில், யாரோ அப்போதுதான் கோடு போட்டு விட்டதைப்போல் நேராக ஓடியது. காதைத் துளைத்துக்கொண்டிருந்த சில்வண்டுகளின் இரைச்சல் ஒவ்வொரு மரமாகப் பின்தங்கி, கடைசியில் அவர் பூட்ஸ் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும் சத்தம் மட்டும் மிஞ்சியபோது, எதிரே ஒரு வெளிச்சம் தெரிந்தது.

மரவீடு. பலகைகள் அறுத்த ஈரம் காயாமல் சிவப்பாகக் கசிந்துகொண்டிருந்தன. வாசலில் சார்த்திய மண்வெட்டியில் மண் பட்ட அடையாளமே இல்லை. அடுப்புப் புகை இல்லை, கோழி இல்லை, நாய் இல்லை. பழக்கமான ஏதோ ஒரு வாசனை மட்டும் அடித்தது. படியேறிய பிறகுதான் புரிந்தது. பேனா மை.

“வாங்க, வாங்க. உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம்,” என்று ஓர் அம்மாள் எதிர்கொண்டாள். வயது ஐம்பது இருக்கும். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், கை நிறையக் கண்ணாடி வளையல்.

திருநாவுக்கரசுவுக்கு மூச்சு வந்தது. அவர் படிவத்தின்படி இவள் விதவை. வேஷம் கட்டியவர்கள் சரியாகப் படிக்கவில்லை. ஆக, போலிகள்தான். போலியாக இருந்தாலும் மனிதர்கள். தொழில் முறையில் அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

உள்ளே சுவரில் அவருடைய போட்டோ. பத்திரிகையில் வந்தது, கோப்பையோடு, சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். மூலையில் ஈரத் தலையும் ஈரச் சேலையுமாக ஒரு பெண் குனிந்து அரளி மாலை கட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் காட்டிலும் தன் புகழ் தெரிந்து மரியாதை செய்கிறார்களே என்று டையைச் சரிசெய்துகொண்டார். மாலைக்கு வாகாகக் கழுத்தைக்கூடக் கொஞ்சம் நீட்டிவைத்தார். வெளியே மழை பெய்யவில்லை என்பது அவருக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது.

“உட்காருங்க,” என்றான் குழந்தைவேலு.

விளக்குக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தான். முகத்தைப் பார்த்தார். பார்த்த முகம் மனதில் நிற்கவில்லை. காதுக்குக் கீழே மச்சம் மட்டும் நின்றது. மூச்சு விட்டான். மார்பு விரிந்தது, ஒடுங்கியது. ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. அளவெடுத்ததைப்போல.

சான்றை நீட்டினார். இடது கையால் கையொப்பமிட்டான். அதே கோணல். அதே நடுக்கம். சாப்பாட்டு மயக்கத்தில் அவர் இழுத்த அதே இழுப்பு.

இருக்கட்டும். பிழைத்தாயிற்று. தாளைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தார்.

“அந்தக் கட்டம்,” என்றான் குழந்தைவேலு.

அவர் மெட்ராசுக்கு அனுப்பிய படிவம் மேஜையில் இருந்தது. நகல் இல்லை. அதே தாள், மூலையில் அவர் சாப்பிட்ட கையின் எண்ணெய்க் கறை. குடும்ப விவரம். தகப்பன், காலமானார், வயது ஐம்பத்திரண்டு. பக்கத்தில் ‘காரணம்’ என்ற கட்டம் காலி.

“இவ்வளவுதானா? உங்கப்பா எப்படிப் போனார்? சொல்லுங்க, எழுதிடறேன்.” பேனாவைத் திறந்தார்.

“இன்னும் போகலியே,” என்றாள் அம்மாள்.

மாலை கட்டுகிறவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“போன வாரந்தானே உங்களுக்கு அம்பத்திரண்டு ஆச்சு?” என்றாள் அம்மாள். அன்பாகத்தான் கேட்டாள்.

கதவைப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. வெளியே பாதை இல்லை. மரங்கள். வாசற்படி வரைக்கும் மரங்கள்.

ஈரச் சேலைக்காரி மாலையோடு எழுந்து வந்தாள். அவள் நின்ற இடத்தில் பலகை நனைந்தது.

“எனக்கு ஒரு வார்த்தை எழுதினீங்க,” என்றாள். “மூழ்கி. எழுத ஒரு நொடி ஆயிருக்கும். எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு.” சேலை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. “பாத்து எழுதுங்கப்பா.”

எத்தனை வீட்டில் எத்தனை சாவைச் சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்! மாரடைப்பு, டைபாய்டு, பாம்பு, கப்பல் விபத்து. நாக்கில் தயாராகக் கிடந்த சரக்கு. இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சின்னதாக இல்லை.

பேனா விழுந்து உருண்டது.

குழந்தைவேலு எடுத்தான். இடது கையால். “நீங்க எழுதலேன்னா நான் எழுதிடறேன்பா.”

எழுதத் தொடங்கினான். கட்டம் ஒரு விரல் நீளந்தான் இருக்கும். வார்த்தை அதைத் தாண்டியது. அவன் நிறுத்தவில்லை. ஓரத்துக்குப் போனான். தாளைத் திருப்பி அடுத்த வரி. அடுத்த வரி. திருநாவுக்கரசுவுக்கு எழுத்து தலைகீழாகத் தெரிந்தது. படிக்க முடியவில்லை. மையின் வாசனை மட்டும் தொண்டை வரை ஏறியது.

ஈரச் சேலைக்காரி மாலையை எடுத்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். சுவருக்கு. போட்டோவுக்கு.

அம்மாள் மகன் தோளுக்கு மேல் குனிந்து, உதடு அசைய, எழுத்தெழுத்தாகப் படித்தாள். பாதியில் ஒருமுறை நிமிர்ந்து திருநாவுக்கரசுவைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

“ஐயோ, பாவம்,” என்றாள்.

பேனா நிற்கவில்லை. அவள் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தாள். பிறகு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமலே, நெற்றிக் குங்குமத்தை மெதுவாக அழிக்க ஆரம்பித்தாள்.