வெளியே போன டேட்டா

இதய ஆபரேஷன் முடிந்து இக்னேஷியஸ் பட்டாபிராம் வீட்டுக்கு வந்த அதே வாரம், ஒரு பழைய லேப்டாப்பும் வந்து சேர்ந்தது. குவைத்தில் நர்ஸாக இருக்கும் மகள் ஃபெபி, தினமும் வீடியோ காலில் அப்பாவைக் கட்டிலோடு முழுசாகப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவர் மனைவி செலின் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் பேரம் பேசி அதை வாங்கிவந்தாள். ஹாலில் கட்டில், அதற்கு எதிரே மேஜையில் லேப்டாப்.

மனிதர் பிழைத்து வந்ததே கர்த்தரின் கிருபை, அவரை இனி யாரும் தன்னிடமிருந்து பிடுங்க முடியாது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் சிம் போட்ட மோடம் ஒரு நாளைக்குத் தரும் டேட்டா முழுவதும் மதியச் சாப்பாட்டோடு தீர்ந்துபோனது. சாயங்காலம் மகள் கூப்பிட்டால் படம் வருவதில்லை.

"நீதான் சீரியல் பாத்துத் தீக்கற" என்றார் இக்னேஷியஸ். உடம்புதான் இளைத்திருந்தது, வாய் இளைக்கவில்லை.

மாடியில் குடியிருக்கும் ராகேஷ் வந்து பார்த்தான்.

"சப்ப மேட்டர் ஆன்ட்டி. எந்த புரோகிராம் எவ்ளோ தின்னுதுன்னு இதுலயே கீது."

செட்டிங்ஸைத் திறந்தவன் முகம் சுருங்கியது. "உள்ள வர்றது கம்மி. உங்க ஊட்லேர்ந்து வெளிய போறதுதான் ஜாஸ்தி. யாருக்கு இவ்ளோ வீடியோ அனுப்பறீங்க?"

பட்டியலில் முதலில் நின்றது ஒரு நேரலை புரோகிராம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக ஸ்டூடியோக்காரர்கள் சாவு வீட்டில் கேமரா வைத்து, வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புவார்களே, அதற்கானது. இந்த லேப்டாப் எத்தனை சாவைப் பார்த்ததோ! ராகேஷ் அதை அழித்துவிட்டுப் போனான்.

மறுநாள் மதியம் இக்னேஷியஸ் அசந்து தூங்கினார். ராகேஷ் காட்டிய இடத்தை செலின் திறந்து பார்த்தாள்.

அழித்த புரோகிராம் மறுபடியும் முதலில் நின்றது.

அவள் பார்க்கப் பார்க்க எண் ஏறியது.

அதன் பெயரைத் தட்டினாள். திரையில் அவர்கள் ஹால் தெரிந்தது. அதே கட்டில், அதே ஜன்னல். ஆனால் கட்டிலைச் சுற்றி பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆட்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்தாள்.

ஹாலில் ஒரு நாற்காலிகூட இல்லை. வாடிய சம்பங்கி மாலையின் வாசனை மட்டும் மெல்ல மெல்லக் கனத்துக்கொண்டு வந்தது.

திரையில் முன்வரிசை நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்த பெண் அதைக் கையால் தட்டினாள். பிறகு மெதுவாகக் கேமரா பக்கம் திரும்பத் தொடங்கினாள்.

அந்த முகத்தைப் பார்த்துவிடக் கூடாது.

செலின் பாய்ந்துபோய் மோடத்தின் ஒயரைப் பிடுங்கினாள். லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

"செலின்... தண்ணி குடு."

அவர் குரல்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. தம்ளரைக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். அப்போது கைப்பேசி அடித்தது. ஃபெபி.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று தேம்பினாள். "லிங்க் வந்துதான் எனக்கே தெரியணுமா?"

"அதெல்லாம் பொய்டி! நான் நெட்டையே புடுங்கிட்டேன். அப்பா நல்லாத்தான் கீறாரு. இந்தா, பேசு." செலின் ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினாள்.

"ஃபெபிம்மா" என்றார் இக்னேஷியஸ்.

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. பிறகு மகள் கிசுகிசுத்தாள்.

"அம்மா, ஊட்ட உட்டு வெளிய வந்துடு. அப்பாவ பெட்டியில வெச்சு இப்பதான் மூடறாங்க. நான் இன்னும் பாத்துகினுதான் கீறேன்."

செலின் மெல்லத் திரும்பினாள். இக்னேஷியஸ் காலித் தம்ளரை நீட்டி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.