பிசிறில்லாத கோடு

முனியராஜ் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டுத் தொட்டி நிரம்பியதும் நிறுத்தினான். முகம் மழித்தான். பால் காய்ச்சி டீ குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். தேய்த்து வைத்திருந்த சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டைப் பூட்டினான். தாயில்பட்டி நிறுத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வேன்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. அவன் எதிர்ப்பக்கம் நின்றான். சாத்தூரில் இறங்கி விருதுநகர் பஸ் ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவன் மனைவி மாரிசெல்வி இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அவளுக்கு மூளையில் கட்டி. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை செய்தார்கள். நான்காம் மாதம் போய்விட்டாள். கட்டியை முழுக்க எடுத்தாயிற்று, அது தானாகத் திரும்ப வந்தது, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் எழுந்து சட்டை போட அவனுக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

அலுவலகம் மிளகாய் வத்தல் கிட்டங்கிக்கு மேல்மாடி. கணினித் திரை கூசக் கூடாது என்று ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். உள்ளே காலையும் மாலையும் ஒரே வெளிச்சம்.

மூளை ஸ்கேன்கள் பெயரில்லாமல் எண்ணோடு மட்டும் வரும். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க முகத்தையும் காதுகளையும் முன்பே நீக்கியிருப்பார்கள். நெற்றிக்குக் கீழே வெறும் கறுப்பு. மெஷின் கட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். தவறிருந்தால் முனியராஜும் மற்றவர்களும் திருத்த வேண்டும். அந்தத் திருத்தங்களைப் பார்த்து மெஷின் கற்றுக்கொள்ளும். ஒரு ஸ்கேனை இரண்டு பேர் தனித்தனியாக வரைவார்கள், எது சரி என்று மேலாளர் மகேஷ்குமார் முடிவு செய்வார். அந்தக் கோடு ஆஸ்பத்திரிக்குப் போகும். அதை வைத்துத்தான் டாக்டர்கள் வெட்டுவார்கள்.

மகேஷ்குமார் சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் குடும்பம். வெட்டிய லேபிளின் ஓரத்தில் பிசிறு தெரிந்தால் கட்டோடு திருப்பி அனுப்புகிற பழக்கம் அவரோடு இங்கேயும் வந்திருந்தது. சேருகிற எல்லோரிடமும் முதலில் அதைத்தான் சொல்வார். "ஓரம் வழவழன்னு இருக்கணும். பிசிறோட எங்கிட்ட வராதீக." முனியராஜின் கை அதில் பெயர் வாங்கியது. மெஷினும் கற்றுக்கொண்டுவிட்டது. இப்போதெல்லாம் அது பிசிறு போடுவதே இல்லை.

அன்று முதலில் வந்தது 4417. இடது காதுக்கு மேலே கட்டி. சிவப்புக் கோட்டின் கீழ்முனையில் முடிபோல் ஒரு பிசிறு.

அழித்தான். அடுத்த படத்துக்குப் போய்த் திரும்பினான். பிசிறு இருந்தது. மறுபடி அழித்து, சேமித்து, மூடித் திறந்தான். இப்போது சற்று நீண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியிலிருந்து பிரீத்திகா எட்டிப் பார்த்தாள். "என்னண்ணே, காலையிலயே மல்லுக்கட்டு?"

"அழிச்சா திரும்ப வருது."

"எங்க மாமியா மாதிரியா? போறேன் போறேன்னு சொல்லும். மறுநாப் பாத்தா கட்டில்ல உக்காந்திருக்கும்."

அவள் சிரித்துக்கொண்டே தன் திரைக்குத் திரும்பினாள். கீழே மூட்டைகள் விழும் சத்தம் தரை வழியாகக் காலுக்கு ஏறியது, ஏசி காற்றோடு வத்தல் நெடி வந்து தொண்டையில் அரித்தது, எங்கோ ஒருவர் தும்ம, அவரைத் தொடர்ந்து வரிசையாக ஒவ்வொருவரும் தும்மி அடங்கினார்கள். முனியராஜ் பிசிறு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க மவுஸ் சக்கரத்தை உருட்டினான். தலையின் மெல்லிய துண்டுகள் இடப்பக்கத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன.

காது வந்தது.

காது வரக் கூடாது.

மடலின் கீழ்ப்பாதி இல்லை. எட்டு வயதில், வீட்டு முன்னால் காயப்போட்டிருந்த பட்டாசுச் சக்கரம் ஒன்று பற்றிக்கொண்டதில் மாரிசெல்விக்குக் கருகிப்போன பாதி அது. அந்தப் பக்கம் தோடு போட முடியாமல் முடியை இறக்கி வாருவாள்.

உருட்டினான். கன்னம். மூக்கு. மூடிய உதடுகள். யாரும் நீக்காத முகம்.

4417-இன் பதிவுப் பக்கத்தைத் திறந்தான். இரண்டு கோடுகள் இருந்தன. பிரீத்திகா வரைந்தது, பிசிறோடு. நிராகரிக்கப்பட்டது. முனியராஜ் வரைந்தது, வழவழவென்று. ஏற்கப்பட்டது. தேதி, அறுவைக்கு ஆறு நாள் முன்பு.

அந்த வாரம் எத்தனை தலைகளைத் திருத்தினான் என்று அவனுக்கு நினைவில்லை.

மகேஷ்குமாரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். "அண்ணாச்சி, 4417 யாரு ஸ்கேன்?"

அவர் டீயைக் கீழே வைத்தார். "உக்காருலே."

"யாரு ஸ்கேன்?"

"ஆஸ்பத்திரியில கேட்டு நம்பர வாங்குனேன். ஒன் கை சுத்தம்னுதான் ஒனக்கே போட்டேன். சொன்னா கை நடுங்கும்னு சொல்லல. நல்லதுன்னு நெனச்சுத்தாம்லே செஞ்சேன்."

"பிரீத்திகா பிசிறோட வரைஞ்சிருக்கா."

அவர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே பார்த்தார். "ரெண்டாவது ஸ்கேன்ல தெரிஞ்சுச்சு. அந்தப் பிசிறுலேருந்துதான் திரும்ப வளந்திருக்கு. டாக்டருக்கும் தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா மறுபடி மவுஸைத் தொடுவியா? ஒன்னைய விட்டா இங்கன யாருலே இருக்கா?"

கருமாதிக்கு வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றவர் இவர். ஏழு மாதமாகக் காலையில் 'சாப்பிட்டியாலே' என்று கேட்டவர். ஏழு மாதமும் அவனுக்கு ஸ்கேன் கொடுத்துக்கொண்டிருந்தவர். முனியராஜ் எழுந்தான்.

"ஏலே, நில்லு." மகேஷ்குமாரின் குரல் இறங்கியிருந்தது. "அதை நீ எங்கன பாத்த? அன்னைக்கே அழிச்சுட்டேனே. நம்ம மெஷின்ல எதுலயும் அது கெடையாதுலே."

இருக்கைக்குத் திரும்பினான். எல்லோரும் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். அப்போதுதான் கரண்ட் போனது. ஏசி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. யுபிஎஸ்ஸில் திரைகள் மட்டும் எரிய, ஒவ்வொன்றிலும் ஒரு சாம்பல் நிறத் தலை மிதந்தது. கறுப்புத் தாள் ஒட்டிய அந்த நீள அறையில் வத்தல் நெடி மெல்ல அடங்கி, அதனடியிலிருந்து டெட்டால் வாசனை எழுந்தது.

பிசிறு வளர்ந்திருந்தது.

மூளையைத் தாண்டியிருந்தது. மண்டை ஓட்டையும் தாண்டியிருந்தது. படத்தின் கறுப்பில், எதுவுமில்லாத இடத்தில், ஊர்ந்துகொண்டிருந்தது.

எதுவுமில்லாத இடம் அல்ல. அங்கே அவன் முகம் தெரிந்தது. திரைக் கண்ணாடியில், மங்கலாக.

கோடு அவன் நெற்றியைத் தொட்டது. மெதுவாக இறங்கியது. காது. தாடை. வாயைச் சுற்றி மறுபக்கம். பிசிறே இல்லை. அவன் கை போடுவதுபோலவே வழவழவென்று.

தலையை நகர்த்தினான். கோடும் நகர்ந்தது.

மவுஸிலிருந்து கையை எடுத்தான். படம் மாறவில்லை. அதே படம். அவள் முகம் தெரிந்த தொண்ணூற்றாறாவது படம். உதடுகள் மட்டும் மூடியிருக்கவில்லை.

ஸ்கேனுக்குள் யாரும் பேசுவதில்லை. அசையாமல் கிடக்க வேண்டும்.

உதடுகள் சேர்ந்தன. பிரிந்தன. மறுபடி சேர்ந்தன. சத்தம் இல்லை. அவனுக்குச் சத்தம் தேவைப்படவும் இல்லை.

அறுவைக்குப் பிறகு அவளுக்குப் பேச்சு வரவில்லை. அதற்கு முன், தள்ளுவண்டியில் படுத்தபடி, அவன் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னதுதான் கடைசி. மருந்து மயக்கத்தில் உளறுகிறாள் என்று அன்று நினைத்துக்கொண்டான்.

"ஒங்க கை வரைஞ்ச கோடாம்ல. அண்ணாச்சி சொன்னாக. பெறகு எனக்கென்ன பயம்? போயிட்டு வாரேன்."